நிரந்தரமில்லாதவர்களுக்குத் தலைமை தாங்குவது யார்? பகுதிநேரப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் - ஒரு விளக்கம்

புதுடெல்லி: டெல்லி பல்கலைக்கழகத் துணைவேந்தரின் அலுவலகம் செயல்படும் பழைய வைஸ்ராய் மாளிகை முன்பு 2019-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் தேதி ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் திரண்டனர். மாலையில் அவர்கள் கட்டடத்துக்குள்ளும் நுழைந்தனர். கடும் குளிரையும் பொருட்படுத்தாமல் பலர் அன்றிரவு அங்கேயே தங்கினர். தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தம் ஆகிய பணிகளைப் புறக்கணிப்பதாக ஆசிரியர் சங்கம் அறிவித்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் கணிசமானோர் நான்கு மாதங்களுக்கு மட்டுமே செல்லத்தக்க நியமன ஆணையைக் கையில் வைத்திருந்தவர்கள். அவர்களுக்காகப் பல்கலைக்கழகத்துடனும் மத்திய அரசுடனும் பேசிய டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் அப்போதைய தலைவர் ராஜிப் ராய், கிரோரி மால் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருந்தவர்.

இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. இந்தியாவில் பகுதிநேர, தற்காலிக, மணிநேர அடிப்படையிலான கல்லூரி ஆசிரியர்களின் சங்கங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுதான். யாரிடம் கோரிக்கை வைக்க வேண்டுமோ, அவரே அடுத்த பருவத்தில் வேலை தருவதா வேண்டாமா என்பதையும் முடிவு செய்கிறார். அத்தகைய நிலையில் தலைமைப் பொறுப்பை ஏற்பது யார், அவர்களால் எதைப் பெற்றுத்தர முடிந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை டெல்லி, மேற்கு வங்கம், கர்நாடகம் ஆகிய மூன்று இடங்களின் அனுபவங்கள் காட்டுகின்றன.

யார் இந்த ஆசிரியர்கள்?

நிரந்தரமில்லாத ஆசிரியர்களுக்கு நாடு முழுவதும் ஒரே பெயர் இல்லை. டெல்லியில் 'அட்ஹாக்' ஆசிரியர், 'கெஸ்ட்' ஆசிரியர் என இரு பிரிவினர் உள்ளனர். மகாராஷ்டிரத்தில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்கள் 'சி.எச்.பி.' ஆசிரியர்கள் எனப்படுகின்றனர். கர்நாடகத்தில் 'அதிதி உபன்யாசகர்', தமிழகத்தில் 'கௌரவ விரிவுரையாளர்' என்ற பெயர்கள் வழக்கில் உள்ளன. மேற்கு வங்கத்தில் நீண்டகாலம் 'பகுதிநேர ஆசிரியர்' என்ற பெயரே இருந்தது.

பெயர் எதுவாக இருந்தாலும் பணியின் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். நிரந்தர உதவிப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்தை, அதே மாணவர்களுக்கு இவர்கள் நடத்துகின்றனர். பல கல்லூரிகளில் வினாத்தாள் தயாரிப்பு, அகமதிப்பீடு, சேர்க்கைப் பணி ஆகியவற்றிலும் ஈடுபடுகின்றனர். 'பகுதிநேரம்' என்ற சொல் பெரும்பாலும் அவர்களது உழைப்பைக் காட்டிலும் அவர்களுக்கு வழங்கப்படும் ஊதியத்துக்கே பொருந்துகிறது என்பது சங்கங்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கெஸ்ட் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500 வீதம், மாதம் அதிகபட்சம் ரூ.50,000 வரை வழங்கலாம். அதற்கு முன்பு இது வகுப்புக்கு ரூ.1,000, மாத உச்சவரம்பு ரூ.25,000 என இருந்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்கநிலை அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின்படி ரூ.57,700. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவை இதற்கு மேல் சேரும்.

யு.ஜி.சி. நிர்ணயித்த தொகையை மாநில அரசுகள் அப்படியே பின்பற்றுவதும் இல்லை. மாநிலக் கல்லூரிகளில் பணியாற்றுவோர் பலர் அதைவிடக் குறைவான தொகுப்பூதியமே பெறுகின்றனர். விடுமுறை மாதங்களில் ஊதியம் இல்லாமல் இருப்பதும் பல மாநிலங்களில் வழக்கமாக உள்ளது.

அதே வழிகாட்டுதலில் அதிகம் பேசப்படாத மற்றொரு விதியும் உண்டு. பல்கலைக்கழகத்தின் சட்டபூர்வ அமைப்புகளில் உறுப்பினராவதற்கான வாக்குரிமையில், கெஸ்ட் ஆசிரியர்களை நிரந்தர ஆசிரியர்களுக்கு இணையாகக் கருதக் கூடாது என்கிறது அந்த விதி. படிகள், ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு ஆகியவையும் அவர்களுக்குக் கிடையாது. ஊதியத்தில் மட்டுமன்றி, தங்களது பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையிலும் அவர்கள் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

ஒப்பந்த ஆசிரியர்களுக்கு வேறு விதி உள்ளது. யு.ஜி.சி.யின் 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, தவிர்க்க முடியாத சூழலில் மட்டுமே ஒப்பந்த நியமனம் செய்ய வேண்டும். அது மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு வழங்கும் ஊதியம், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத மொத்த ஊதியத்துக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் இந்த வரம்பு பரவலாக மீறப்பட்டு வருவதே சங்கங்கள் உருவாவதற்கும் வளர்வதற்கும் காரணம்.

தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

ஒரு தொழிற்சாலையில் சங்க நிர்வாகியாக இருக்கும் தொழிலாளியை, தகராறு நிலுவையில் உள்ளபோது நிர்வாகம் எளிதில் பணிநீக்கம் செய்துவிட முடியாது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், சங்க நிர்வாகிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என அங்கீகரித்தது. 2020-ம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

ஆசிரியர் சங்க நிர்வாகிகள் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே உள்ளனர். கோவாவில் பணிநீக்கம் செய்யப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், கல்வி நிறுவனம் ஒரு 'தொழில்' என்றாலும் ஆசிரியர் 'தொழிலாளர்' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. கற்பிக்கும் பணியை உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி என எந்த வகையிலும் சேர்க்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதன் விளைவை இன்றும் சங்கங்கள் உணர்கின்றன. ஆசிரியருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இல்லை. பழிவாங்கும் நோக்கில் பணி மறுக்கப்பட்டதாகக் கருதினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும். தற்காலிக ஆசிரியரின் நிலை இன்னும் மோசமானது. அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆணையின் காலம் முடிந்ததும் புதிய ஆணை வழங்காமல் விட்டாலே போதும். காரணம் எதையும் கூற வேண்டியதில்லை என்பதால், சங்கப் பணியில் ஈடுபட்டதற்காகவே வேலை போனது என்று நிரூபிப்பதும் கடினம்.

சட்டத்தை மாற்றிப் பெற்ற உரிமைகளும் உண்டு. பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் ஆசிரியர்கள் 'ஊழியர்' ஆக மாட்டார்கள் என உச்ச நீதிமன்றம் 2004-ம் ஆண்டு கூறியது. அதையடுத்து நாடாளுமன்றம் 2009-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி, 1997-ம் ஆண்டு ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2022-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனினும் அச்சட்டத்தில் ஐந்தாண்டு தொடர் பணி என்ற நிபந்தனை இருந்ததால், இடைவெளி விட்டு நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் தங்களது பணித் தொடர்ச்சியை நிரூபிக்க வேண்டியிருந்தது.

டெல்லி: நிரந்தர ஆசிரியர்களின் தலைமை

டெல்லி பல்கலைக்கழகத்தில் அட்ஹாக் நியமனம் அதிகபட்சம் நான்கு மாதங்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. காலம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மீண்டும் நியமிப்பது நடைமுறை. இந்த ஒரு நாள் இடைவெளி காரணமாகப் பணித் தொடர்ச்சி அறுபடும். ஆண்டு ஊதிய உயர்வும் கிடைக்காது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறே பணியாற்றியவர்கள் ஏராளம். 2019-ம் ஆண்டு வாக்கில் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சுமார் 4,500 அட்ஹாக் ஆசிரியர்கள் இருந்தனர்.

அங்கு அவர்களுக்கெனத் தனிச் சங்கம் வலுப்பெறவில்லை. நிரந்தர ஆசிரியர்களுடன் சேர்ந்து டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்திலேயே அவர்கள் உறுப்பினர்களாகி வாக்களித்தனர். அந்த எண்ணிக்கை காரணமாகச் சங்கத் தேர்தலில் அவர்களது வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் சக்தியாக மாறியது. இடதுசாரிச் சார்புள்ள ஜனநாயக ஆசிரியர் முன்னணி, ஆர்.எஸ்.எஸ். சார்புள்ள தேசிய ஜனநாயக ஆசிரியர் முன்னணி உள்ளிட்ட அணிகள் அனைத்தும் அட்ஹாக் ஆசிரியர்களை அப்படியே பணியில் உள்ளீர்ப்பதை முக்கிய வாக்குறுதியாக முன்வைத்தன.

2019-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம் நிலைமையைக் கொதிநிலைக்குக் கொண்டு சென்றது. புதிய காலியிடங்களில் அட்ஹாக் நியமனத்துக்குப் பதிலாக கெஸ்ட் ஆசிரியர்களையே நியமிக்குமாறு கல்லூரிகளுக்கு அதில் அறிவுறுத்தப்பட்டது. இதையடுத்துப் பல கல்லூரிகளில் அட்ஹாக் ஆசிரியர்களின் பணி நீட்டிப்பும் ஊதியமும் கேள்விக்குறியாகின. மாத ஊதியத்தில் இருந்தவர்கள் வகுப்புக் கணக்கில் ஊதியம் பெறும் நிலைக்குத் தள்ளப்படுவார்கள் என்ற அச்சமே டிசம்பர் 4-ம் தேதி அத்தனை பேரைத் துணைவேந்தர் அலுவலகம் முன்பு திரட்டியது.

மறுநாளே மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பல்கலைக்கழக அதிகாரிகளையும் சங்க நிர்வாகிகளையும் அழைத்துப் பேசியது. கடிதம் திருத்தப்பட்டது. நிரந்தர நியமனம் நடைபெறும் வரை அட்ஹாக் நியமனம் தொடர வழி பிறந்தது. உடனடி ஆபத்து நீங்கியது. ஆனால் ஒரே முறைச் சிறப்பு விதி மூலம் அனைவரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்ற முதன்மைக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2021-ம் ஆண்டு நவம்பரில் நடந்த சங்கத் தேர்தலில், தேசிய ஜனநாயக ஆசிரியர் முன்னணியின் ஏ.கே.பாகி வெற்றி பெற்றார். 24 ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த அணிக்குத் தலைவர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு முதல் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களுக்கான நேர்காணல்கள் பெருமளவில் தொடங்கின. பல ஆண்டுகள் காத்திருந்த ஏராளமானோருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. அதே நேர்காணல்களில், ஒரே கல்லூரியில் பத்தாண்டுகளுக்கும் மேல் பாடம் நடத்திய பலர் தேர்வு செய்யப்படாமல் வெளியேற நேர்ந்தது.

நிரந்தர நியமனத்தைச் சாதித்ததாகச் சங்கத் தலைமை கூறியது. பணியில் இருந்தவர்களை உள்ளீர்க்காமல் நேர்காணலுக்கு அனுப்பியதே தவறு என்று எதிரணியினர் விமர்சித்தனர். பணியிழந்தவர்களோ அட்ஹாக் ஆசிரியர் என்ற தகுதியை இழந்ததும், தங்களுக்காகப் பேசிய சங்கத்தின் வாக்காளர் என்ற நிலையையும் இழந்தனர். நிரந்தர ஆசிரியர்கள் தலைமை தாங்கும் பொதுச் சங்கத்தின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு இது.

மேற்கு வங்கம்: தாங்களே அமைத்த சங்கம்

மேற்கு வங்கத்தில் நிலைமை வேறு. அங்கு நிரந்தர ஆசிரியர்களின் சங்கம் தனியாக இயங்க, பகுதிநேர ஆசிரியர்கள் தங்களுக்கெனத் தனி அமைப்புகளை உருவாக்கினர். 'குட்டாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வங்கக் கல்லூரி மற்றும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அவற்றில் ஒன்று. இத்தகைய சங்கங்களின் தலைவர்கள், தாங்கள் யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்களைப் போன்றே குறைந்த ஊதியத்தில் பணியாற்றியவர்கள்.

2019-ம் ஆண்டு ஆகஸ்டில் முதல்வர் மம்தா பானர்ஜி ஒரு முக்கிய அறிவிப்பை வெளியிட்டார். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பணியாற்றும் பகுதிநேர ஆசிரியர்கள், ஒப்பந்த முழுநேர ஆசிரியர்கள், கெஸ்ட் ஆசிரியர்கள் ஆகிய மூன்று பிரிவினரும் 'அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்' என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவரப்படுவர் என்பதே அது. அதற்கான அரசாணை அவ்வாண்டு டிசம்பரில் பிறப்பிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி 60 வயது வரை பணியில் நீடிக்கலாம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கல்லூரி நிர்வாகத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறியது. பணிப் பாதுகாப்பு என்ற அளவில் இது நாட்டின் பல மாநிலச் சங்கங்கள் இன்றும் எட்டாத இலக்கு.

எனினும் அரசாணை ஆசிரியர்களை இரு பிரிவாகப் பிரித்தது. 'நெட்', 'செட்' தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் என யு.ஜி.சி. வகுத்த தகுதி உள்ளவர்கள் முதல் பிரிவிலும், அத்தகுதி இல்லாதவர்கள் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் தொகுப்பூதியமே வழங்கப்பட்டது. இரண்டாம் பிரிவினரின் ஊதியம் முதல் பிரிவினரைவிடக் குறைவு.

சங்கத் தலைவர்களுக்குப் புதிய சிக்கல் இங்குதான் தொடங்கியது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற முழக்கத்தை முதல் பிரிவினர் எழுப்பும்போது, தங்களை நிரந்தர உதவிப் பேராசிரியருடன் ஒப்பிடுகின்றனர். இரண்டாம் பிரிவினர் அதே முழக்கத்தை எழுப்பும்போது, தங்களை முதல் பிரிவினருடன் ஒப்பிடுகின்றனர். ஒரே மேடையில் நின்று இரு தரப்புக்கும் வாதாட வேண்டிய நிலை தலைவர்களுக்கு ஏற்பட்டது. தகுதியை அளவுகோலாகக் கொள்வதா, பணிமூப்பை அளவுகோலாகக் கொள்வதா என்ற கேள்விக்கு அனைவரும் ஏற்கும் விடை இல்லை.

கர்நாடகம்: கூடிய ஊதியம், குறைந்த இடங்கள்

கர்நாடக அரசு முதல்நிலைக் கல்லூரிகளில் 10,000-க்கும் மேற்பட்ட கெஸ்ட் விரிவுரையாளர்கள் பணியாற்றி வந்தனர். மாதம் ரூ.11,000 முதல் ரூ.13,000 வரை மட்டுமே பெற்று வந்த அவர்கள், 2021-ம் ஆண்டின் இறுதியில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். 2022 ஜனவரியில், அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் அஸ்வத் நாராயண் ஊதியத்தை இரு மடங்குக்கும் மேல் உயர்த்தினார். தகுதி, பணிக்காலம் ஆகியவற்றைப் பொறுத்து ரூ.26,000 முதல் ரூ.32,000 வரை நிர்ணயிக்கப்பட்டது.

அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்றிருந்த வகுப்பு நேரம் 15 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இருவர் பகிர்ந்துகொண்ட வேலையை ஒருவரே செய்யும் நிலை உருவானதால், ஏற்கெனவே பணியில் இருந்த பலருக்கு இடமில்லாமல் போகும் என்று சங்கங்கள் எச்சரித்தன. ஊதிய உயர்வுக்காகப் போராடியவர்களில் ஒரு பகுதியினர், அந்த உயர்வு காரணமாகவே வாய்ப்பை இழக்கும் சூழல் ஏற்பட்டது.

பேச்சுவார்த்தையில் அமரும் தலைவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்க முடியாது. உடன்பாட்டை ஏற்றால் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வேலை இழப்பர். மறுத்தால் அனைவரும் ரூ.13,000 ஊதியத்திலேயே தொடர்வர்.

பணி நிரந்தரம் கோரி 2023 நவம்பரில் மீண்டும் போராட்டம் தொடங்கியது. டிசம்பர் இறுதியில் முதல்வர் சித்தராமையா சங்கப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பணிக்காலத்துக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.8,000 வரை ஊதிய உயர்வு, மருத்துவக் காப்பீடு, நீண்டகாலம் பணியாற்றி 60 வயதை எட்டுவோருக்கு ரூ.5 லட்சம் ஒட்டுமொத்தத் தொகை ஆகியவை அறிவிக்கப்பட்டன. நிரந்தரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு தெரிவித்தது.

அறிவிப்பை ஏற்று ஒரு பகுதியினர் வகுப்புகளுக்குத் திரும்பினர். ஏற்காதவர்கள் 2024 ஜனவரி 1-ம் தேதி தும்கூரு சித்தகங்கா மடத்தில் இருந்து பெங்களூருவுக்கு நடைப்பயணமாகப் புறப்பட்டனர். நிரந்தரம் என்ற ஒரே கோரிக்கையில் உறுதியாக நிற்பதா, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குச் செல்வதா என்ற கேள்வி, ஒரே அமைப்பில் இருந்தவர்களையே இரு பாதைகளில் அனுப்பியது.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

நிரந்தரம் செய்ய இயலாது என அரசுகள் கூறும்போது மேற்கோள் காட்டுவது, உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2006 ஏப்ரல் 10-ம் தேதி வழங்கிய தீர்ப்பு. முறையான தேர்வு இன்றி நியமிக்கப்பட்டவர்கள், நீண்டகாலம் பணியாற்றியதை மட்டும் காரணம் காட்டி நிரந்தரம் கோர முடியாது என்பது அதன் மையக் கருத்து. அதேநேரம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களை ஒரே முறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்தலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

ஊதியத்தைப் பொறுத்தவரை நீதிமன்றம் வேறு திசையில் சென்றுள்ளது. பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியர்களுக்கும் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற கோட்பாடு பொருந்தும் என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்டகால ஊழியர்களின் நியாயமான உரிமையை மறுக்கும் கருவியாக உமாதேவி தீர்ப்பைப் பயன்படுத்தக் கூடாது என 2024 டிசம்பரில் மற்றொரு வழக்கில் கூறியது.

ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி வெளியானது. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய உதவிப் பேராசிரியர்கள் மாதம் ரூ.30,000 மட்டுமே பெற்று வந்தனர். அதே பணியில் உள்ள நிரந்தர ஆசிரியரின் ஊதியம் ஏறத்தாழ ரூ.1.36 லட்சம். வழக்கை விசாரித்த நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி ஆகியோர் கொண்ட அமர்வு, ஒப்பந்த ஆசிரியர்களுக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கான குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வழங்க உத்தரவிட்டது. ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றும் சுலோகத்தை விழாக்களில் சொல்வதோடு நின்றுவிடாமல், அந்த மதிப்பை நடத்தும் விதத்திலும் காட்ட வேண்டும் என்ற கருத்தையும் நீதிபதிகள் பதிவு செய்தனர்.

இத்தீர்ப்பு பிற மாநிலச் சங்கங்களுக்கும் வலுவான ஆதாரமாகியுள்ளது. ஆனால் அது ஊதியத்தைப் பற்றியதே அன்றி, நிரந்தரத்தைப் பற்றியது அல்ல. மேலும், நிரந்தர ஆசிரியரும் தாங்களும் ஒரே பணியையே செய்கிறோம் என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் ஆசிரியர்கள் ஆவணங்களுடன் காட்ட வேண்டும். நியமன ஆணைகள், கால அட்டவணைகள், வருகைப் பதிவுகள், தேர்வுப் பணி உத்தரவுகள் ஆகியவற்றைத் திரட்டி வைப்பது சங்க நிர்வாகிகளின் முக்கியப் பணியாக மாறியிருப்பதற்குக் காரணம் இதுவே.

பெண் ஆசிரியர்களின் கேள்வி

நான்கு மாத நியமனத்தின் கடுமையை அதிகம் உணர்பவர்கள் பெண் ஆசிரியர்கள். மகப்பேறு விடுப்பின் காலம், நியமனக் காலத்தை விட நீளமானது. டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் அட்ஹாக் அடிப்படையில் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் மகப்பேறு விடுப்பு கோரினார். அதன் பின்னர் அவருக்குப் பணி நீட்டிப்பு வழங்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, மீண்டும் பணியமர்த்த உத்தரவிட்டது.

ஒருவரது வழக்கில் கிடைக்கும் தீர்ப்பை அனைவருக்குமான விதியாக மாற்றுவது சங்கத்தின் வேலை. அதைச் செய்ய வேண்டிய நிர்வாகக் குழுக்களில், தற்காலிகப் பணியில் உள்ள பெண்கள் இடம்பெறுவது எளிதல்ல. வகுப்பு, வீடு, அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் ஆகியவற்றுக்கு நடுவே சங்கக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்குவது கடினம். பெயர் வெளியே தெரிந்தால் நீட்டிப்பு பாதிக்குமோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

மாணவர்களுக்கு என்ன தொடர்பு?

பருவத்தின் நடுவே ஆசிரியர் மாறினால் முதலில் பாதிக்கப்படுபவர் மாணவர். இரண்டு கல்லூரிகளில் வகுப்பு எடுத்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் உள்ள ஆசிரியர், வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியுள்ளது. சந்தேகம் கேட்க வரும் மாணவருக்கு அவர் கிடைப்பதில்லை. ஆய்வு வழிகாட்டுதல், பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கும் நீடித்து இருக்கும் ஆசிரியர் தேவை.

போராட்டத்தின்போது வகுப்புகள் முடங்குவதும் மாணவர்களையே பாதிக்கிறது. விடைத்தாள் திருத்தத்தைப் புறக்கணிப்பது சங்கங்களிடம் உள்ள வலுவான ஆயுதம் என்றாலும், தேர்வு முடிவு தாமதமானால் மேற்படிப்பும் வேலைவாய்ப்பும் தள்ளிப்போகும். கர்நாடகத்தின் சிறு நகரக் கல்லூரிகளில் பாடங்களைப் பெரும்பாலும் கெஸ்ட் விரிவுரையாளர்களே நடத்துவதால், அவர்களது வேலைநிறுத்தம் கல்லூரியையே நிறுத்திவிடுகிறது. அவர்கள் இன்றிக் கல்லூரி இயங்காது என்பதற்கு இதுவே சான்று என்று சங்கங்கள் வாதிடுகின்றன.

அடுத்து என்ன?

யு.ஜி.சி. 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய ஒழுங்குமுறை வரைவில், ஒப்பந்த ஆசிரியர்களுக்கான 10 சதவீத உச்சவரம்பு இடம்பெறவில்லை. வரம்பை நீக்கினால் ஒப்பந்த நியமனமே வழக்கமாகிவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

இச்சூழலில் சங்கத் தலைவர்கள் முன் மூன்று கோரிக்கைகள் உள்ளன. குஜராத் தீர்ப்பின் அடிப்படையில் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைப் பெறுவது முதலாவது. மேற்கு வங்கத்தில் கிடைத்தது போன்று 60 வயது வரையிலான பணிப் பாதுகாப்பு இரண்டாவது. தங்களது பிரதிநிதிகளைப் பல்கலைக்கழக அமைப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஏதுமில்லை. எனினும் அதுவே மிகக் குறைவாகப் பேசப்படும் கோரிக்கையாக உள்ளது. பணி நீட்டிப்பு, பணிச்சுமை, மகப்பேறு விடுப்பு ஆகியவை பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அமர அவர்களுக்கு இடம் கிடைக்காத வரை, டெல்லியில் 2019 டிசம்பரில் நடந்ததைப் போல அலுவலக வாயிலில் திரண்டுதான் தங்களது குரலைக் கேட்கச் செய்ய வேண்டியிருக்கும்.